அமைதியான தெருவில் யார் இருந்தார்கள்?



வரலாறு என்றவுடன் நம் பிள்ளைகளுக்கு அரசர்களின் பெயர்களும் போர் நடந்த ஆண்டுகளுமே நினைவுக்கு வருகின்றன. அவையும் தேவையானவைதாம். ஆயினும், சாதாரண மக்கள் குடியிருந்த ஒரு தெருவுக்கும் வரலாறு உண்டு. அந்த வரலாற்றைப் பழைய ஓவியங்களிலிருந்து எப்படிப் படித்தெடுப்பது என்பதே இன்றைய பேச்சின் பொருள். வானொலியில் படத்தைக் காட்ட இயலாது. ஆகவே, சொற்களால் அதை உங்கள் கண்முன் கொண்டுவர முயல்வோம். அடுப்படியில் வேலையாக இருக்கும் தாய்மார்கள் கையிலுள்ள வேலையை நிறுத்த வேண்டாம். காதை மட்டும் எங்களுக்குக் கொடுத்தால் போதும்.

நமக்குத் தெரிந்த இடத்திலிருந்தே தொடங்குவோம். தீமிதித் திருவிழாவுக்காக ஜொகூர்த் தோட்டங்களிலிருந்து சிங்கப்பூருக்குச் செல்பவர்கள் சைனாடவுனை நன்கு அறிவார்கள். அங்கே சௌத் பிரிட்ஜ் சாலையில்தான் ஸ்ரீ மாரியம்மன் கோயில் இருக்கிறது. அங்கிருந்து சிறிது நேரம் நடந்தால் டெலோக் ஆயர் தெருவை அடையலாம். இன்று அந்தத் தெருவைச் சுற்றி வானளாவிய கட்டடங்கள் நிற்கின்றன. கடல் கண்ணுக்கே தெரியாது.

1856-ஆம் ஆண்டில் பெர்சி கார்ப்பென்டர் என்னும் ஆங்கிலேய ஓவியர் இந்தப் பகுதியை ஓவியமாகத் தீட்டினார். அப்போது டெலோக் ஆயர் தெருவுக்கு அருகே வாலிச் குன்று என்னும் மேடு இருந்தது. அவர் அதன்மேல் நின்று, சூரிய உதய வேளையில் கீழே தெரிந்த சிங்கப்பூரை வரைந்தார். ஓடு வேய்ந்த கூரைகள், தெருவை ஒட்டிய கடல், நங்கூரமிட்ட கப்பல்கள், அவற்றின்மேல் காலை ஒளி. அந்த ஓவியம் இன்று சிங்கப்பூர் தேசிய அரும்பொருளகத்தின் சேகரிப்பில் உள்ளது. பார்ப்பவர் மனத்தில் அமைதி படரும்.

இந்த ஓவியம் நமக்கு முதலில் சொல்வது, டெலோக் ஆயர் தெரு ஒரு காலத்தில் கடற்கரைத் தெருவாக இருந்தது என்பதாகும். அது தெரிந்துவிட்டால் மற்றவை தாமே விளங்கும். சீனக் குடியேறிகள் கடல் தெய்வத்துக்குத் தியான் ஹொக் கெங் கோயிலை 1839 முதல் 1842 வரை அங்கே ஏன் கட்டினார்கள்? கப்பலை விட்டு இறங்கியவுடன், உயிரோடு கரை சேர்த்த தாய்க்கு நன்றி கூறத்தான். தமிழ் முஸ்லிம்கள் 1828-க்கும் 1830-க்கும் இடையில் நாகூர் தர்காவை அதே தெருவில் ஏன் எழுப்பினார்கள்? அவர்களும் கடல் கடந்து வந்தவர்கள். நாகூர் ஆண்டவரை நம்பிப் பாய்மரம் ஏறியவர்கள். இரு சமூகத்தாரும் ஒரே கரையில் இறங்கி, ஒரே தெருவில் தத்தம் நன்றிக் கடனைச் செலுத்தியிருக்கிறார்கள். பிறகு 1880-களில் கடலைத் தூர்த்து நிலமாக்கியபோது, வாலிச் குன்றையே வெட்டி அந்த மண்ணைக் கடலில் கொட்டினார்கள். ஓவியர் நின்ற இடமும் போயிற்று. அவர் கண்ட கரையும் போயிற்று. ஓவியம் மட்டும் சாட்சியாக நிற்கிறது.

ஆனால் குன்றின்மேல் நின்று பார்ப்பவருக்குக் கூரைகள்தாம் நன்றாகத் தெரியும். கூரைக்குக் கீழே யார் தண்ணீர் சுமந்தார்கள், யார் துணி துவைத்தார்கள் என்பது அங்கிருந்து தெரியாது. தோட்டத்துத் துரையின் பங்களா பெரும்பாலும் மேட்டில்தான் இருக்கும். அங்கிருந்து பார்த்தால் நம் லயங்களும் அமைதியாகத்தான் தெரியும். அது தொலைவு தரும் அமைதி. மேட்டிலிருந்து இறங்கி வந்து, ஒரு வீட்டு வாசலுக்கு நேர் எதிரே நின்று பார்த்தால் என்ன தெரியும்? அப்படித் தீட்டப்பட்ட ஓவியம் ஒன்று உலகப் புகழ் பெற்றது. அதை எப்படிப் படிப்பது என்று கற்றுக்கொண்டு, மீண்டும் சைனாடவுனுக்குத் திரும்புவோம்.

அது ஹாலந்து நாட்டின் டெல்ஃப்ட் நகரத்தில் ஏறக்குறைய 1658-ஆம் ஆண்டில் தீட்டப்பட்டது. தீட்டியவர் யோகான்னஸ் வெர்மீர். 'சிறு தெரு' என்பது அதன் பெயர். உயரம் 54 செ.மீ., அகலம் 44 செ.மீ.; நம் வீட்டுச் சுவரில் மாட்டும் பெரிய சாமிப் படத்தின் அளவுதான். ஓவியத்தின் வலப்புறம் ஒரு பழைய செங்கல் வீடு. அதன் முகப்பு படிப்படியாக உயர்ந்து கூம்பி நிற்கிறது. சுவரில் விரிசல்கள், அவற்றைப் பூசி அடைத்த தடங்கள். கீழ்ப்பகுதிக்கு வெள்ளையடித்திருக்கிறார்கள். திறந்த வாசலில் ஒரு பெண் குனிந்து தையல் வேலை செய்கிறாள். வாசலுக்கு முன்னே இரு பிள்ளைகள் மண்டியிட்டு ஏதோ விளையாடுகிறார்கள். வீட்டை ஒட்டிய சந்தில் இன்னொரு பெண் பீப்பாய் அருகே குனிந்து நிற்கிறாள். மேலே மேகம் கவிந்த வானம். நால்வரில் ஒருவர் முகமும் தெளிவாகத் தெரியவில்லை. அவ்வளவுதான் ஓவியம். அரசரும் இல்லை, படையும் இல்லை.

மேலோட்டமாகப் பார்ப்பவர், "எவ்வளவு அமைதியான தெரு!" என்று கூறி நகர்ந்துவிடுவார். வரலாறு படிக்க விரும்புகிறவர் அங்கே நின்று மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும்.

முதற்கேள்வி: இங்கே என்ன வேலை நடக்கிறது? நன்றாகப் பாருங்கள். அந்தத் தெருவில் பெரியவர்கள் இருவர், இருவரும் பெண்கள், இருவர் கையிலும் வேலை. ஒருத்தி தைக்கிறாள், மற்றவள் கழுவுகிறாள். சந்தின் தரை சுத்தமாக இருக்கிறதென்றால், யாரோ கூட்டியிருக்கிறார்கள். சுவர் வெள்ளையாக இருக்கிறதென்றால், யாரோ பூசியிருக்கிறார்கள். பிள்ளைகள் அச்சமின்றி விளையாடுகிறார்கள் என்றால், அருகில் தாயின் பார்வை இருக்கிறது. நாம் அமைதி என்று வியந்த ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் கையால் செய்திருக்கிறார்.

இரண்டாம் கேள்வி: இது எந்தக் காலம்? அதற்கு முன்னே என்ன நடந்தது? 1654 அக்டோபர் 12-ஆம் நாள் டெல்ஃப்ட் நகரின் வெடிமருந்துக் கிடங்கு வெடித்துச் சிதறியது. நகரின் ஒரு பெரும் பகுதி தரைமட்டமாயிற்று. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். கேரல் ஃபப்ரீத்தியஸ் என்ற சிறந்த ஓவியரும் அதில் இறந்துபோனார். அந்தப் பெருந்துயரம் நடந்து நான்கு ஆண்டுகள் ஆகும் முன்போ பின்போ தீட்டப்பட்டதே இந்த ஓவியம். இது தெரிந்த பின் சுவரிலுள்ள விரிசலைப் பாருங்கள். பழைய வீடு ஒன்று இடியாமல் நிற்பதும், அதன் வாசலில் பிள்ளைகள் விளையாடுவதும் அந்த ஊராருக்கு எவ்வளவு பெரிய செய்தியாக இருந்திருக்கும்!

மூன்றாம் கேள்வி: இது யாருடைய வீடு? இதற்கு விடை தேடிப் பலர் பல தெருக்களைச் சுட்டினார்கள். 2015-ஆம் ஆண்டில் ஃபிரான்ஸ் கிரைசன்ஹவுட் என்னும் பேராசிரியர் ஒரு விடையை வெளியிட்டார். அவருக்கு உதவியது 1667-ஆம் ஆண்டின் வரிப் பதிவேடு. டெல்ஃப்ட் நகரில் தெருவோரக் கால்வாய்களைத் தூர் வாரவும் கரைகளைப் பேணவும் வீட்டுக்காரர்களிடம் வரி வாங்கினார்கள். வீட்டின் அகலத்தைப் பொறுத்தே வரி. ஆகவே ஒவ்வொரு வீட்டையும் ஒவ்வொரு சந்தையும் அளந்து எழுதி வைத்திருந்தார்கள். ஓவியத்தில் உள்ளது போல இரண்டு வீடுகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 6.3 மீட்டர் அகலம். நடுவே அடுத்தடுத்து இரண்டு சந்துகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 1.2 மீட்டர். இந்த அளவுகள் ஃபிளாமிங் தெருவில், இன்றைய 40, 42 எண்ணுள்ள இடத்துக்குப் பொருந்தின என்கிறார் பேராசிரியர்.

வலப்புற வீட்டில் குடியிருந்தவர் யார் தெரியுமா? ஓவியரின் அத்தை. அரியான்ட்கென் கிளாஸ் என்பது அவர் பெயர். கணவனை இழந்தவர். கால்நடைகளின் குடலையும் இரைப்பையையும் சுத்தம் செய்து விற்று, ஐந்து பிள்ளைகளை வளர்த்தவர். அந்தச் சந்துக்கே ஊரார் 'குடல் சந்து' என்று பொருள்படும் பெயர் வைத்திருந்தார்கள். இந்த முடிவை ஏற்காமல் வேறு இடத்தைக் கூறும் ஆய்வாளர்களும் உண்டு. வரலாற்றில் அது இயல்பு. சான்றுகளை வைத்து வாதிட்டுத்தான் உண்மையை நெருங்க வேண்டும். எனினும் ஒன்றைக் கவனியுங்கள். கழுவித் துடைத்துப் பிழைத்த ஒரு கைம்பெண்ணின் பெயர் முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பிறகு உலகுக்குத் தெரியவந்ததற்கு, யாரோ ஒரு கணக்கர் எழுதிய வரிப் பதிவேடும், அதைத் தூக்கி எறியாமல் காத்த ஊரும் காரணம்.

இங்கே நாம் நான்காவது கேள்வி ஒன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இந்த ஓவியத்துக்கு வெளியே என்ன நடந்துகொண்டிருந்தது? 1602-இல் தொடங்கப்பட்ட டச்சு கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஆறு நகரங்களில் கிளைச் சபைகள் இருந்தன. டெல்ஃப்ட் அவற்றுள் ஒன்று. சீனப் பீங்கானைக் கப்பலில் கொண்டுவந்தார்கள். அதைப் பார்த்து டெல்ஃப்ட் குயவர்கள் நீலமும் வெள்ளையுமாகப் பாண்டம் செய்து பேர் பெற்றார்கள். சோழமண்டலக் கரையிலிருந்து நம் நெசவாளர்களின் துணி போயிற்று. 1641-இல் மலாக்கா கம்பெனியின் கைக்கு வந்தது. 1658-இல், அதாவது இந்த ஓவியம் தீட்டப்பட்ட காலத்திலேயே, யாழ்ப்பாணமும் நாகப்பட்டினமும் வந்தன. அதை அடுத்த ஆண்டுகளில் தஞ்சைச் சீமையைப் போரும் பஞ்சமும் வாட்டின. பசிக்கு ஆற்றாமல் தம்மையும் தம் பிள்ளைகளையும் விற்றவர்கள் ஆயிரக்கணக்கானோர். அவர்களை டச்சுக் கப்பல்கள் அடிமைகளாக இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் மலாக்காவுக்கும் ஏற்றிச் சென்றன.

அத்தை அரியான்ட்கென் இதற்குப் பொறுப்பு என்று நாம் கூறவில்லை. அவர் தம் பிள்ளைகளுக்குக் கஞ்சி தேடியவர். ஆனால் ஒரு தெரு அமைதியாக இருந்த அதே நாளில், அந்த நகரத்தின் வணிகம் சென்று தொட்ட வேறொரு கரையில் அழுகுரல் கேட்டது என்பதும் வரலாறே. அந்த ஓவியத்தை 1921-இல் விலைக்கு வாங்கி, அம்ஸ்டர்டாம் நகரின் ரெய்க்ஸ் அரும்பொருளகத்துக்கு வழங்கியவர் ஹென்றி டெட்டர்டிங். இவர் இளமையில் டச்சு வணிக நிறுவனம் ஒன்றின் பணியாளராகப் பினாங்கில் இருந்தவர். பிறகு சுமத்ராவின் எண்ணெயால் வளர்ந்த ராயல் டச்சு நிறுவனத்தின் தலைமைக்கு உயர்ந்தவர். ஆக, அம்ஸ்டர்டாம் சுவரில் மாட்டியிருக்கும் அந்தச் சிறு தெருவுக்கும் நம் கடற்பகுதிக்கும் தொடர்பு இருக்கத்தான் செய்கிறது.

இப்போது இந்தக் கேள்விகளோடு சைனாடவுனுக்குத் திரும்புவோம். கார்ப்பென்டரின் கூரைகளுக்குக் கீழே இறங்கி நடப்போம்.

அங்கே என்ன வேலை நடந்தது? சைனாடவுனைச் சீனர்கள் 'நியு சே சுய்' என்கிறார்கள். 'மாட்டுவண்டித் தண்ணீர்' என்று பொருள். மலாய்க்காரர்கள் 'கிரேத்தா ஆயர்' என்கிறார்கள்; அதற்கும் தண்ணீர் வண்டி என்றே பொருள். ஆன் சியாங் குன்றடியிலிருந்த கிணறுகளிலிருந்து மாட்டுவண்டியில் தண்ணீர் ஏற்றிவந்து தெருத்தெருவாகக் கொடுத்தார்கள். சிங்கப்பூரில் மாடும் வண்டியும் வைத்துப் பிழைத்தவர்களில் நம் இந்தியர்கள் பெருந்தொகையினர். தண்ணீர் கொணர்ந்தவர்களின் பெயர்கள் நமக்குத் தெரியாது. ஆனால் அவர்கள் செய்த வேலை ஊரின் பெயராகவே நிலைத்துவிட்டது.

கோயிலைப் பார்ப்போம். 1819 மே மாதத்தில் ராஃபிள்ஸ் இரண்டாம் முறை சிங்கப்பூர் வந்தபோது, அவரோடு பினாங்கிலிருந்து வந்தவர் நாராயண பிள்ளை. அவர் செங்கல் சூளை வைத்து, ஊரின் வீடுகள் எழும்ப வழி செய்தவர். 1823-இல் கிடைத்த நிலத்தில் 1827-இல் மரமும் அத்தாப்பும் கொண்டு மாரியம்மன் கோயிலை எழுப்பினார். 1843-இல் அது செங்கல் கட்டடமாயிற்று. அந்தக் கட்டடத்தில் இந்தியக் கைதிகளின் கைவேலை இருப்பதாகக் கருதப்படுகிறது. 1825 முதல் இந்தியக் கைதிகள் சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்டார்கள். 1873 வரை அந்த முறை நீடித்தது. சாலை போட்டார்கள், சதுப்பைத் தூர்த்தார்கள், செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயத்தைக் கட்டி, அதன் சுவர்களுக்குச் சென்னைச் சுண்ணாம்புப் பூச்சும் பூசினார்கள். நாராயண பிள்ளையின் பெயர் நமக்குக் கிடைத்திருக்கிறது. கல்லும் மண்ணும் சுமந்தவர்களின் பெயர்களைக் கோயிலுக்கு வருபவர் யார் அறிவார்?

கோயிலை ஒட்டிய தெருவுக்குப் பகோடா தெரு என்று பெயர். நம் கோபுரத்தைத்தான் அன்றைய ஐரோப்பியர் பகோடா என்றார்கள். கோயிலின் மறுபுறம் இருப்பது கோயில் தெரு. பகோடா தெருவுக்கு அப்பால், தமிழ் முஸ்லிம்களின் ஜாமியா பள்ளிவாசலை ஒட்டியது பள்ளிவாசல் தெரு. சீனர்கள் நெருங்கி வாழ்ந்த பகுதியின் மூன்று தெருப் பெயர்களில் தமிழர் வழிபாட்டின் அடையாளம் இருக்கிறது. தெருப் பெயரும் ஒரு பதிவேடுதான், நேயர்களே.

பெண்களைத் தேடுவோம். சைனாடவுன் கடைவீடுகளின் முன்னே 'அஞ்சடி' என்று நாம் சொல்லும் நடைபாதை உண்டு. வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கி மக்கள் நடப்பதற்காக, 1822-இல் ராஃபிள்ஸ் வகுத்த நகர்த் திட்டத்திலேயே அதற்கு விதி செய்தார்கள். டெல்ஃப்ட் பெண்ணுக்கு வாசல் எப்படியோ, இங்கே அஞ்சடி அப்படி. வீட்டுக்குள் இடம் போதாதவர்கள் அங்கே அமர்ந்து தைத்தார்கள், விற்றார்கள், பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார்கள். 1930-களில் சீனாவின் சம்சுய் பகுதியிலிருந்து பெண்கள் கூட்டமாக வந்தார்கள். தலையில் சிவப்புத் துணி கட்டி, கட்டட வேலையில் மண்ணும் கல்லும் சுமந்தார்கள். அவர்களில் பலர் சைனாடவுனின் அப்பர் சின் சியூ தெருவில் சிறு அறைகளில் நெருங்கிக் குடியிருந்து, மிச்சம் பிடித்த காசை ஊருக்கு அனுப்பினார்கள். கதை நமக்குப் புதிதா என்ன? மொழி வேறு, துணியின் நிறம் வேறு, சுமை ஒன்றுதான்.

1983-இல் தெருவோர வியாபாரிகளைக் கட்டடத்துக்குள் குடிபெயர்த்தார்கள். 1989-இல் சைனாடவுனின் பகுதிகளைப் பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அறிவித்தார்கள். கடைவீடுகளுக்குச் சாயம் பூசி அழகுபடுத்தியிருக்கிறார்கள். அந்த வீடுகள் இடிபடாமல் நின்றது நல்லதே. ஆனால் வீட்டைக் காப்பது ஒன்று. வீட்டில் இருந்தவர்களின் பெயரைக் காப்பது மற்றொன்று. இரண்டாவதற்கு எழுத்து வேண்டும்.

இனி நம் தோட்டத்துக்கு வருவோம். நம் லயத்தை யாராவது ஓவியமாகத் தீட்டினால் அதில் என்ன இருக்கும்? பகல் பத்து மணிக்கு வந்து பார்ப்பவருக்கு அது ஆளரவமற்ற அமைதியான தெருவாகத் தோன்றும். ஏனென்றால் விடியுமுன்னே பெரட்டுக்குப் போனவர்கள் வெட்டுக்காட்டில் இருக்கிறார்கள். மங்கு துடைத்து, பால் எடுத்து, வாளி சுமந்து அவர்கள் திரும்புவதற்கு இன்னும் நேரம் இருக்கிறது. ஆயாக் கொட்டகையில் கைக்குழந்தைகள். வாசலில் ஒரு பாட்டியும் கோழிகளும். அந்த அமைதியின் பொருள் நமக்குத் தெரியும். நம் பேரப்பிள்ளைகளுக்குத் தெரியுமா?

பல தோட்டங்கள் விற்கப்பட்டு, வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. லயங்கள் இடிக்கப்பட்டன. அத்துடன் தோட்ட ஆபீசில் இருந்த செக்ரோல் புத்தகங்களும் பல இடங்களில் போய்விட்டன. நாம் அறிந்த ஒரு தோட்டத்தில், கைமாறிய சில நாட்களில் பழைய பேரேடுகளைக் கட்டுக்கட்டாக வெளியே போட்டு மழையில் நனைய விட்டார்கள். அந்தத் தாள்களில் நம் பாட்டிமாரின் பெயர் இருந்தது. நாள் சம்பளம் இருந்தது. வேலைக்கு வராத நாளும் இருந்தது. டெல்ஃப்ட் அத்தையின் பெயரைக் காத்தது இத்தகைய ஒரு கணக்குப் புத்தகம்தான் என்பதை மறந்துவிடக் கூடாது.

நம்மால் என்ன செய்ய முடியும்? பெரிய செலவு தேவையில்லை. வீட்டிலுள்ள பழைய நிழற்படங்களை எடுத்து, பின்புறத்தில் பென்சிலால் எழுதி வையுங்கள்: யார், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, என்ன வேலை. பிறப்புப் பத்திரம், சம்பளச் சீட்டு, தொழிற்சங்க அட்டை ஆகியவற்றை ஈரம் படாத டின்னில் வையுங்கள். முதியவர்கள் இருக்கும்போதே, லயத்தில் எத்தனையாம் காம்பராவில் யார் குடியிருந்தார்கள் என்று கேட்டு, பிள்ளைகளைக் கொண்டு ஒரு படம் வரையச் செய்யுங்கள். குழாய் எங்கே, கோயில் எங்கே, பெரட்டுக் களம் எங்கே என்று குறிக்கச் சொல்லுங்கள். ஆண்களின் பெயரோடு நிறுத்திவிடாமல் பெண்களின் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். தோட்டப் பள்ளியில் இதைப் பாடமாகவே செய்யலாம். அன்று ஆசிரியருக்கு வேலை குறைவு. தாத்தா பாட்டிமார்களே ஆசிரியர்கள்.

அடுத்த முறை சைனாடவுனுக்குச் சென்றால், அம்மனை வணங்கிவிட்டு அஞ்சடியில் சற்று நில்லுங்கள். பிள்ளைகளிடம் தெருவைக் காட்டி, "இங்கே யார் தண்ணீர் கொண்டுவந்தார்கள்? இந்தச் சுவரை யார் பூசினார்கள்?" என்று கேளுங்கள். பிறகு வீடு திரும்பி, நம் லயத்தைப் பற்றியும் அதே கேள்விகளைக் கேட்கச் சொல்லுங்கள். அவர்கள் எழுதும் விடை நாளைய வரலாற்றுக்குச் சான்றாக இருக்கும்.